ஈரத்துக்கு ஏற்பாடு

எண்ணூர்ப் பக்கம் வானம் கறுத்ததும்
நான் தேடிப் போனது பலூன்.
ரிசீவரை அதற்குள் திணித்து
ஒயர்கள் வெளிவரும் கழுத்தை
ஜிப் டை போட்டு இறுக்கினேன்.
கடையில் சிவப்பு மட்டும்தான் இருந்தது;
மேல்கூட்டைக் கழற்றினால்
கறிக்கடைத் தட்டில் ஈரல்துண்டு.

ஸ்பீட் கன்ட்ரோலரின் சர்க்யூட்டுக்கு நெயில் பாலிஷ்.
ஜெசிந்தாவுடையது, மெரூன்.
பின்களில் படக்கூடாது, பட்டால் கரண்ட் பாயாது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பூச்சு,
பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு மணி நேரம்.
"எனுக்கே ரெண்டு கோட்டுதான்" என்றாள்
புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து.

சாத்தாங்காட்டில்
இரும்பு யார்டுக்குப் பின்னால் எங்கள் மைதானம்.
அங்கே சேற்றில்
அரத்தூள், துரு, டீசல்,
எந்த லாரியோ சிந்திய சிமென்ட்.
காந்தம் இருக்கிற இடம் அதற்குத் தெரியும்:
ரெண்டு ரவுண்டு முடிவதற்குள்
மோட்டாருக்கு மீசை முளைத்துவிடும்.
போன மழையில் வண்டியில் அப்பியதைச் சுரண்டி
மளிகைக்கடைத் தராசில் வைத்தோம், நானும் ஜிலானியும்.
முந்நூற்று நாற்பது கிராம்.
கடைக்காரர் தராசைக் கழுவித் தரச் சொன்னார்.

ஆகவே மோட்டாருக்கு மெல்லிய காலுறைத் துண்டு,
கூட்டின் உட்புறம் பாத்திரம் தேய்க்கும் சோப்பு
(வழுக்கிக்கொண்டு விழட்டும் சேறு).
வயிற்றை நான்கு மில்லிமீட்டர் தூக்கினேன்.
ஸ்பிரிங்கை மாற்றி, ஷாக்கில் எண்ணெயை இளக்கினேன்.
காய்ந்த தரையில் விறைப்பாக நிற்பவன்
ஈரத்தில் முதல் வளைவிலேயே மல்லாக்க.
டிஃப்பில் மூவாயிரமா ஐயாயிரமா என்பதில்
ஜிலானிக்கும் எனக்கும்
பேச்சுவார்த்தை இல்லாமல் இரண்டு நாள்.

டயரில்தான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.
ரிம்மின் துளைகளை டேப்பால் அடைத்தேன்,
விளிம்பைப் பசையால் அடைத்தேன்;
எப்படியோ புகுந்துவிடுகிறது.
உள்ளே ஃபோம் குடித்துக் குடித்து
நாலு காலும் நீர்கோத்து வீங்கிக் கிடந்தன.
ஜெசிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"பீரோவுக்கு செஞ்சத இதுக்கும் செய்யேன்."

முன்னொரு டிசம்பரில்
முட்டி வரைக்கும் வந்த தண்ணீர்
வீட்டைவிட்டு, தெருவைவிட்டுப் போன பிறகும்
பீரோவின் அடித்தட்டில் மட்டும்
நாலு விரல்கடை நின்றது, அஞ்சு நாள்,
ரேஷன் கார்டையும் கல்யாணப் புடவையையும் ஊறப்போட்டு.
அவள் என் டிரில்லை எடுத்து
அடித்தகட்டில் ஏழு ஓட்டை போட்டாள்.
கேட்கவில்லை, சொல்லவில்லை.
அடுத்த வருஷமும் வந்தது; வந்த வழியே போனது.

சால்டரிங் அயர்னைச் சுட வைத்து
டயருக்கு எதிரெதிரே இரண்டு துளை.
கருகிய ரப்பர் நாற்றத்தில்
பக்கத்துப் போர்ஷனில் ஜன்னல் சாத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை ஏமாற்றவில்லை.
ரிமோட்டுக்கு பிரியாணி வாங்கிவந்த கவர்,
மணிக்கட்டில் முடிச்சு.
எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தவன்
என் மூக்குக்கண்ணாடியை மறந்திருந்தேன்.
ஆறு வண்டி, ஒவ்வொரு துளியிலும் ஆறு வண்டி.
எது என்னுடையது?
அப்புறம் தெரிந்தது:
ஒன்று மட்டும் நாலு சக்கரத்திலும்
தண்ணீரை விசிறிக்கொண்டு போகிறது,
மழையில் கொளுத்திய தரைச்சக்கரம் மாதிரி.
அதன் பின்னாலேயே விரலை ஓட்டினேன்.
நாலாவதிலிருந்து மூன்று. மூன்றிலிருந்து இரண்டு.

கடைசி ரவுண்டில் சர்வோ செத்தது.
ஸ்டியரிங் இடதுபக்கம் ஒடித்தபடி நின்றுவிட
ஒரே இடத்தில் வட்டம், வட்டம், வட்டம்.
தூக்க ஓடிய ஜிலானியை
தலைமுதல் கால்வரை குளிப்பாட்டியது.
"டேய், ஆஃப் பண்றா!"
இரண்டு நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை.

வீட்டில் பலூனை அறுத்தேன். உள்ளே வறண்டிருந்தது.
சர்வோவைப் பிரித்தேன்:
பூச்சுப் படாத பச்சைப் பலகை,
செம்புக் கோடுகளில் களிம்பு.
புட்டியின் அடியில் இன்னும் கொஞ்சம் மெரூன் இருக்கிறது.
சர்வோவுக்குப் போதும்.
வரும் வெள்ளிக்கிழமை
அவள் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.